முன்செல்பவரின் கல், பின்வருபவரின் கண்ணாடி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்குவாரிகளிலிருந்து புறப்படும் டிப்பர் லாரிகள் ஒசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லைக்குள் நுழைகின்றன. சுமை பெரும்பாலும் முக்கால் இஞ்சு ஜல்லி, ஒன்றரை இஞ்சு ஜல்லி, எம்-சாண்ட். பெங்களூரு இவற்றால்தான் உயர்ந்துகொண்டிருக்கிறது. சில லாரிகளில் சுமைக்கு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வேறு பலவற்றில் அது ஓட்டுநர் அறையின் கூரைமேல் சுருண்டு கிடக்கும். பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். அவர் பின்னால் அமர்ந்திருக்கும் பெண் துப்பட்டாவை முகத்தோடு சேர்த்துக்கொள்வார். நாள்தோறும் நிகழ்வதால் இது ஒரு சிக்கலாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

இதே சிக்கலை உலகின் இன்னொரு மூலையில் வசதி படைத்த சிலர் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்து தீர்த்துவைத்திருக்கின்றனர். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பலர், படுக்கையும் சமையலறையும் கொண்ட பேருந்து போன்ற வீட்டுவண்டிகளில் நாடு சுற்றுகின்றனர். ஊருக்குள் சுற்றிவரச் சிறிய கார் ஒன்றை இரும்புத் தண்டால் பிணைத்து, நான்கு சக்கரமும் தரையில் உருளப் பின்னால் இழுத்துச் செல்கின்றனர். கப்பலின் பின்னால் கட்டிய சிறுபடகை நினைவூட்டும் விதமாக அந்தக் காருக்கு 'டிங்கி' என்று ஒரு பெயர் உண்டு. இழுக்கப்படுவது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் ஒலியை வைத்து விளையாடி, தேரை என்று பொருள்படும் 'டோட்' என்றும் அழைப்பர். ஆளில்லாத அந்தக் காரின் முன்பக்கம், வீட்டுவண்டியின் பின்சக்கரங்கள் கிளப்பும் கற்களை எல்லாம் வாங்கிக்கொள்கிறது. எனவே உரிமையாளர்கள் பின்சக்கரங்களுக்குப் பின் கனத்த ரப்பர் மறைப்பைத் தொங்கவிடுகின்றனர். வண்டியின் முழு அகலத்துக்கும் தூரிகைபோன்ற பட்டையைப் பொருத்துகின்றனர். இரு வண்டிகளுக்கும் இடையே தண்டின்மீது திரை விரிக்கின்றனர். காரின் முகப்பில் ஒளிபுகும் படலம் ஒட்டுகின்றனர். இதற்குள்ளும் நுட்பங்கள் உண்டு. தவறான இடத்தில் தொங்கும் மறைப்பு கல்லைத் தரையில் அடித்து, அது எகிறிக் காரின் மேற்பகுதியைத் தாக்கும்படி செய்துவிடும். கார்மீது போர்த்தும் உறைக்கும் வண்ணப்பூச்சுக்கும் இடையில் தூசி புகுந்தால், காக்க வந்த துணியே உப்புத்தாளாக மாறித் தேய்க்கும்.

ஆளில்லாத ஒரு காருக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், ஒசூர் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டும் மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை? செல்வ வேறுபாடு என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி விடைதான். ஒரு ரப்பர் மறைப்பும் ஒரு தார்ப்பாயும், லாரி வாங்கும் ஒருவருக்குப் பெருஞ்செலவு ஆகா. மீதி விடை உடைமையில் இருக்கிறது. வீட்டுவண்டியும் அதன் பின்னால் வரும் காரும் ஒரே ஆளுக்குச் சொந்தம். கல்லை எறிபவரும் அடி வாங்குபவரும் ஒருவரே என்பதால், கல் கிளம்பும் இடத்திலேயே அவர் தடுப்பு வைக்கிறார். பெங்களூருவில் லாரி ஒருவருடையது, ஸ்கூட்டர் இன்னொருவருடையது. லாரிக்காரருக்குத் தடுப்பால் பயனில்லை. பயன்பெறக்கூடியவருக்கோ லாரியின்மேல் உரிமை இல்லை.

பொருளியல் மாணவர்களுக்கு இது பழைய கதை. 1920இல் வெளிவந்த தம் நூலில் ஆர்தர் பிகு, ரயில் எஞ்சினிலிருந்து பறக்கும் தீப்பொறி இருப்புப்பாதையோரக் காடுகளை எரிப்பதையும், அந்த இழப்பு ரயில் நிறுவனத்தின் கணக்கில் ஏறாததையும் எடுத்துக்காட்டினார். 1960இல் ரொனால்டு கோஸ் அதை மறுத்து, தீங்கு இரு தரப்பும் சேர்ந்து உண்டாக்குவது. குறைந்த செலவில் அதைத் தவிர்க்க வல்லவர் யார் என்று பார்ப்பதே முறை என்றார். கோஸின் வாதம் பெரும்பாலும் தொழிலதிபர்களுக்குத் துணையாகவே மேற்கோள் காட்டப்படுவதுண்டு. இங்கே அது லாரிக்கு எதிராகவே பேசுகிறது. ஒரு டிப்பருக்கு ஒரு தார்ப்பாய் போதும். அந்த டிப்பரின் பின்னால் ஒரே பயணத்தில் வந்து விலகும் நூற்றுக்கணக்கானோரும் முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசமும் கீறலற்ற கண்ணாடியும் வாங்குவதைக் காட்டிலும் அது மலிவானது. பெங்களூருவில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள். காருக்கு அடுக்குக் கண்ணாடியாவது முன்னால் இருக்கிறது. பாதித் தலைக்கவசம் அணிந்தவருக்கு இமை மட்டுமே மிச்சம்.

இந்த ஏற்றத்தாழ்வு மொழியிலும் படிந்திருக்கிறது. லாரியின் பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பவை யாவும் பின்வருபவருக்கான ஏவல்கள்: ஒலி எழுப்பு, இடைவெளி விடு. முன்செல்பவர் தமக்கென எதையும் எழுதிக்கொள்வதில்லை. அமெரிக்கச் சரளைக்கல் லாரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், உடையும் கண்ணாடிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதிவைக்கின்றன. சொல்வதன் வாயிலாகவே செயல் நிகழ்த்தும் கூற்றுகளை ஜே. எல். ஆஸ்டின் ஆராய்ந்தார், 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1962இல் நூலாயின. அத்தகைய கூற்று பலிக்க, சொல்பவருக்கு அதற்குரிய தகுதி இருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய நிபந்தனைகளுள் ஒன்று. தம் பொறுப்பைத் தாமே பலகை எழுதி நீக்கிக்கொள்ளும் தகுதி எந்த லாரி உரிமையாளருக்கும் இல்லை. ஆயினும் படிப்பவர் பலர் அதை நம்பிவிடுகின்றனர். பலகையின் வெற்றி அவ்வளவே.

தமிழ்த் தொடரும் இதற்கு உடந்தை. 'கண்ணாடியில் கல் பட்டது' என்கிறோம். கல் எழுவாய், லாரி தொடருக்குள் வரவே இல்லை. இயற்பியல் இதைவிட விந்தையானது. டயர் கிளப்பிய கல் லாரியிலிருந்து பார்த்தால் பின்னோக்கிப் பறக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் பல வேளைகளில் ஏறத்தாழ அந்தரத்தில் நிற்கிறது. பின்வரும் வண்டிதான் தன் முழு வேகத்தோடு அதன்மேல் போய் மோதுகிறது. பத்து இருபது கிராம் எடையுள்ள ஜல்லித் துண்டேயானாலும், வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். டிப்பரின் பின்சக்கரங்கள் இரட்டையாக இருப்பதால் இரு டயர்களுக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அது எப்போது விடுபடும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.

இடைவெளி விட்டால் தீர்ந்தது என்போர் சில்க் போர்டு சந்திப்பை ஒருமுறை கடந்து பார்க்கலாம். அங்கே விடப்படும் இடைவெளி, இரண்டு ஆட்டோக்களுக்கும் ஒரு பைக்குக்கும் அழைப்பு. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் இடைவெளி கிடைக்கும். அங்கே வேகமும் கூடிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் அறிவித்த தூசிக் கட்டுப்பாட்டு விதிகள், கட்டுமானப் பொருளையும் கழிவையும் மூடாத வண்டிகளில் கொண்டுசெல்லக் கூடாது என்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக விதிக்கிறது. குறை மெய்ப்பிப்பதில் இருக்கிறது. 1863இல் இங்கிலாந்தின் பைர்ன் எதிர் போடில் வழக்கில், கிடங்கிலிருந்து விழுந்த மாவுப் பீப்பாயால் அடிபட்டவர் அலட்சியத்தைத் தனியே நிறுவ வேண்டியதில்லை, பீப்பாய் விழுந்ததே அதற்குச் சான்று என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் கிடங்கு இடம் பெயராது. லாரி அடுத்த நிமிடம் பொம்மனஹள்ளியைத் தாண்டியிருக்கும். அடிபட்டவர் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைப்பதற்குள் எண்பலகை மறைந்துவிடும். எம்-சாண்ட் படிந்த எண்பலகை முன்பே மறைந்துதான் இருந்தது. மோதிவிட்டுத் தப்பும் வாகனங்களால் காயமுற்றோருக்கான 2022ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருகிறது. கீறப்பட்ட விழிவெண்படலத்தோடு மருத்துவமனைக்குப் போகிறவர் அந்த வரிசையில் தம்மை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை.

ஓட்டுநரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, சுமைமேல் ஏறித் தார்ப்பாய் கட்டும் நேரம் கூலியில்லா நேரம். நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக்கட்டுப்பாடு இருப்பதால், அனுமதி நேரத்துக்குள் எத்தனை நடை அடிக்கிறார் என்பதே அவர் வருமானம். ஜல்லிக் குவியலின்மேல் இருட்டில் ஏறுவது ஆபத்தும்கூட. ஓட்டுநரும் கல்லடிக்கு அந்நியர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்வரை ஒசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து கூடு கட்டாத லாரிச் சட்டங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்லப்படுவது அன்றாடக் காட்சி. கதவில்லை, கூரையில்லை, முன்கண்ணாடியும் இல்லை. ஓட்டுநர் துண்டால் தலையையும் முகத்தையும் சுற்றி, ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் போவார். முன்செல்லும் வண்டியின் கல் என்னவென்று அவரைவிட நன்கறிந்தவர் யாரும் இலர்.

ஆகவே சாலையில் நின்று ஓட்டுநரைப் பிடிப்பதில் பெரிய பயன் இல்லை. சுமை ஏறும் இடத்தில் பிடிக்க வேண்டும். குவாரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு உண்டு, எடைமேடையும் உண்டு. தார்ப்பாய் கட்டிய பிறகே சீட்டு என்று ஆக்கினால், கட்டும் நேரம் குவாரி உரிமையாளரின் கணக்கில் சேரும். விசையால் இயங்கும் மூடியை வாங்குவது அவருக்கே லாபம் என்றாகும். நகருக்குள்ளும் இதுவே வழி. அடித்தளம் தோண்டும் மனையின் வாயிலில் சக்கரம் கழுவும் தொட்டி இல்லையென்றால் மண்லாரி வெளியே வரக்கூடாது. தகுதிச் சான்று வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பிரேக்கைப் பார்ப்பதுபோல் பின்சக்கர மறைப்பின் நீளத்தையும் தொங்கும் இடத்தையும் அளந்து பார்க்கலாம். செங்கலும் மண்ணும் இழுத்து வரும் டிராக்டர் டிரெய்லர்களுக்கு மட்கார்டே இல்லாத நிலையில் அளப்பதற்கு எதுவும் இல்லை என்பது வேறு.

இதில் இரு மாநிலச் சிக்கல் ஒன்று உண்டு. கல் தமிழ்நாட்டில் ஏறுகிறது, கண்ணில் கர்நாடகத்தில் விழுகிறது. சீட்டு கொடுப்பது ஒரு மாநிலத்தின் கனிமவளத் துறை. அடிபடுவது இன்னொரு மாநிலத்தின் குடிமக்கள். காவிரிக்கு நடுவர் மன்றம் அமைந்ததுபோல் ஜல்லிக்கு அமையப் போவதில்லை. அமைய வேண்டியதும் இல்லை. அத்திப்பள்ளியில் லாரி எப்படியும் ஒருமுறை நின்றுதான் போகிறது. நடைச்சீட்டைப் பார்க்கும் கண் அதே நேரத்தில் கொஞ்சம் மேலே நிமிர்ந்து, தார்ப்பாய் சுமைமேல் இருக்கிறதா, ஓட்டுநர் அறையின் கூரைமேல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.