ரிலீஸ் என்றால் எதை விடுவது?

திருவொற்றியூரில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தி, நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். குரு, அவளுடைய தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் பாடம் ஆரம்பமாயிற்று. வலக்கை ஆக்ஸிலேட்டரை முறுக்க, பயத்தில் இடக்கை பிரேக்கை அழுத்த, வண்டி உறுமிக்கொண்டே நகர்ந்தது. எதிரே கீரைத் தள்ளுவண்டி!

"அக்கா, ரிலீஸ் பண்ணுக்கா! ரிலீஸ்!" என்று கத்தினான் தம்பி.

அக்கா சொன்ன சொல் தட்டாதவள். உடனே ரிலீஸ் பண்ணினாள் - பிரேக்கை!

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கீரைக்காரம்மாள் தப்பினாள், முளைக்கீரை தப்பவில்லை. சிநேகிதிக்கு முழங்காலில் ஆறு தையல். பார்க்கப் போன என்னிடம், "அவன் சொன்னபடிதானே செய்தேன்? என் மேல் என்ன தப்பு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில்.

ரிலீஸ் என்றால் விடுவது. ஆக்ஸிலேட்டரை விட்டால் வேகம் குறையும். பிரேக்கை விட்டாலோ வண்டி ஓடும். கியர் வண்டியில் கிளச்சை விட்டாலும் ஓடும். எதை விடுவது என்று சொல்லாவிட்டால், அந்தச் சொல் நிறுத்தவும் செய்யும், ஓட்டவும் செய்யும். தமிழில் "விடு, விடு" என்று கத்தியிருந்தாலும் இதே வம்புதான்.

இப்படி ஏமாற்றுகிற சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. 'ஸ்பீட் அப்' என்றால் வேகமாகப் போ. அதைப் பார்த்து 'ஸ்பீட் டௌன்' என்று சொல்லிவிடாதீர்கள். 'ஸ்லோ டௌன்' என்பதே சரி. அப்படியானால் 'ஸ்லோ அப்'? அதற்கும் மெதுவாகப் போ என்றே பொருள்! 'புல் அப்' என்றால் வண்டியை நிறுத்து. குதிரை வண்டிக் காலத்துச் சொல் அது. கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கும் அல்லவா?

'ஸ்டாப்' என்ற சொல் பிறந்தது தெருவில் அல்ல. ஓட்டையை அடைப்பதுதான் அதன் பழைய அர்த்தம். சீசா மூடியை 'ஸ்டாப்பர்' என்கிறோமே, அது அந்த உறவுதான். 'ஹால்ட்' ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 'பிடி' என்று பொருள். நம் பஸ் கண்டக்டர் "ஹோல்டான்!" என்று குரல் கொடுக்கிறாரே, அதுவும் அதே குடும்பம்தான்.

வடசென்னைக்கு இந்தச் சொற்கள் புதிதா என்ன? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எண்ணூரில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டை மறக்க முடியுமா? பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதித்துவிடுவார். என் சிநேகிதி தனி ஆள் இல்லை!

குழப்பம் வரக்கூடாது என்று ரயில்காரர்கள் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே பொருள் வைத்திருக்கிறார்கள். பச்சை 'ப்ரொஸீட்', போகலாம். இரட்டை மஞ்சள் 'அட்டென்ஷன்', கவனம். ஒற்றை மஞ்சள் 'காஷன்', அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு. சிவப்பு 'ஸ்டாப்'.

துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கோ பிரேக்கே கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் வெகுதூரம் மிதந்துகொண்டே போகும். விசிறியைப் பின்பக்கமாகச் சுழற்றித்தான் அடக்கவேண்டும். அதனால் தொலைவிலேயே 'ஹாஃப்', 'ஸ்லோ', 'டெட் ஸ்லோ' என்று படிப்படியாகக் குறைப்பார்கள். 'டெட்' என்றதும் பயப்படாதீர்கள். மிக மிக மெதுவாக என்று அர்த்தம். தொழிற்சாலை வாசல் பலகைகளிலும் பார்த்திருப்பீர்கள். இதில் முக்கியமானது ஒன்று உண்டு. சுக்கான் பிடிப்பவர், உத்தரவைக் கேட்டதும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். தவறாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இதைச் சிநேகிதியிடம் சொன்னேன். தையல் பிரித்த மறுவாரம் மறுபடி பாடம். இப்போது தம்பி சொல்வது ஒரே வார்த்தை: "நிறுத்து!" அக்கா, "நிறுத்தறேன்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே வலக்கையைத் தளர்த்தி, இரண்டு பிரேக்கையும் பிடிக்கிறாள். கீரைக்காரம்மாள்கூட இப்போது ஓரமாக ஒதுங்குவதில்லையாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது வண்டி பழகுகிறார்களா? சாவியைக் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் எதிரே வந்தது கீரை வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் எதிரே வருவது கன்டெய்னர் லாரி.