வடிவம் கிடைத்தால் வேலை முடிந்ததா?

“ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் புரதத்தின் வடிவத்தையே தந்துவிடுகிறது, இனி எந்த அமினோ அமில எச்சம் எதைத் தொடுகிறது என்று அளந்துகொண்டிருப்பது வெட்டி வேலை” என்கிறார்கள். அடிப்படையிலேயே பிழையான வாதம் இது.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. ஒற்றை மூலக்கூறின் வடிவத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஏனென்றால் அந்த வேலின் தொடுவது பக்கத்து மூலக்கூறை. ஆக்சிஜனை இழந்த நிலையில், அங்கே 85ஆம் இட பீனைல்அலனினும் 88ஆம் இட லியூசினும் சேர்ந்து அமைத்திருக்கும் நீர்விலக்கும் குழிக்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படி மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு இழையாக நீண்டு, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. நோயின் வேர் அந்தத் தொடுகையில் இருக்கிறது. அதை அளக்காமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக்கு எங்கே வழி தேடுவது?

“8 ஆங்ஸ்ட்ராம் என்று எல்லை வைத்துத் தொடுகைகளை எண்ணினால் போதாதா?” என்றும் கேட்கிறார்கள். போதாது. பீட்டா கார்பன்களுக்கு இடையிலான அந்தத் தூரம் முதல்கட்டச் சல்லடை மட்டுமே. எதிரெதிர் மின்சுமை கொண்ட எச்சங்களைப் பிணைக்கும் உப்புப் பாலம் உண்டா என்றறிய, பக்கச்சங்கிலி நுனிகளின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சுமார் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் நிற்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் தந்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடமே, இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கில் பிறந்தது. இன்றும் எந்தப் புரத அமைப்பையும் அதில் வைத்துச் சோதிக்கிறோம். ஆல்ஃபாஃபோல்ட் தரும் அமைப்புக்கும் விலக்கு இல்லை.