ஆன்ட்டியை மாற்றினால் சரியாகிவிடுமா?

காலை எட்டுக்கு விட்டுவிட்டு மாலை ஏழுக்கு அழைத்துப் போகிறீர்கள். நடுவில் பதினோரு மணி நேரம் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது மாடி ஆன்ட்டிதான்.

'ரெண்டு வயசாச்சு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்' என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், என்ன செய்கிறீர்கள்? 'எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவாங்க' என்று முறைத்துவிட்டு, அடுத்த மாதமே வேறு ஆன்ட்டி தேடுகிறீர்கள்!

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு முறைப்படி பதிவு செய்ய வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் வளர்ச்சி எப்படி இருக்கிறது, எதில் பின்தங்குகிறது என்று பெற்றோருக்கு எழுதியே தர வேண்டும். 2012-லிருந்து அது கட்டாயம். இங்கே வாயால் சொன்னாலே வருமானம் போச்சு. அப்புறம் எந்த ஆன்ட்டி வாயைத் திறப்பார்?

அவர் டாக்டர் இல்லைதான். ஆனால், பல குழந்தைகளைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். காது கேட்கிறதா என்பதில் தொடங்கி, சோதிக்க வேண்டியது டாக்டர். படம் காட்டி 'அடுத்து சாப்பாடு' என்று புரியவைப்பது, மிரண்டால் சத்தமில்லாத மூலைக்கு அழைத்துப்போவது... தெரபிஸ்ட் சொல்லித் தருவதையெல்லாம் பகல் முழுக்கச் செய்யப்போவது ஆன்ட்டிதான். அவருக்கும் கற்றுக்கொடுங்கள். சம்பளத்தையும் கூட்டிக்கொடுங்கள்.

மெக்கானிக் 'வண்டில ஏதோ சத்தம் வருது சார்' என்றால் பதறிப்போய் செக் பண்ணச் சொல்கிறீர்களே... பெற்ற பிள்ளைக்கு அந்தப் பதற்றம் வேண்டாமா?