வாங்காத சந்தை

நூற்றெண்பத்திரண்டு மீட்டர் உயரச் சிலை ஒன்று விற்பனைக்கு வந்தது, தெரியுமோ? 2020 ஏப்ரலில் யாரோ ஒரு புண்ணியவான், குஜராத்திலுள்ள சர்தார் படேல் சிலையை ஓ.எல்.எக்ஸ். விளம்பரத்தில் போட்டுவிட்டான். விலை 30,000 கோடி ரூபாய். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வேண்டுமாம்! போலீஸார் வழக்குப் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் காசியிலுள்ள பிரதமரின் அலுவலகம் ஏழரைக் கோடிக்கு விளம்பரமாயிற்று. நாலு பேர் கைதானார்கள்.

"சிலையை வாங்கிட்டு எந்த லாரியிலே ஏத்தறது? நம்ம நாமக்கல்லுலேகூட அவ்வளவு பெரிசா பாடி கட்ட மாட்டாங்களே!" என்றாள் சேந்தமங்கலத்து அத்தை. கைப்பேசியில் விற்பனை விளம்பரம் படிப்பதுதான் அவளுக்கு ராத்திரிப் பொழுதுபோக்கு. வாங்கியது என்னவோ ஒரு கரண்டிகூட இல்லை.

"ஏன் கண்ணு, புதஞ்சந்தைக்குப் போற ஆம்பளைங்க அத்தனை பேருமா மாடு பிடிச்சுக்கிட்டு வர்றாங்க?"

நியாயந்தானே! துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வேடிக்கைக்காகவே மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு. பெண்கள் அங்கே சும்மா போய் நின்றால் ஊர் பேசும். இந்தச் சந்தையில் யார் கேட்பது?

'தையல் மிஷின், மூன்று மாதமே உபயோகித்தது' என்றிருந்தால் போதும். அந்த வீட்டில் என்ன நடந்ததென்று அத்தை மூன்று வாரத்துத் தொடர்கதை கட்டிவிடுவாள். 'உடற்பயிற்சி சைக்கிள், புத்தம் புதிது' என்றொரு விளம்பரம். படத்தில் சைக்கிளின் மேல் ஈரப் புடவை காய்கிறது!

ஆனால் அத்தை தன் பழைய கிரைண்டரை விற்க முனைந்தபோது வேடிக்கை வேறுவிதமாகப் போயிற்று. பட்டாளத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். சொன்ன விலைக்கு அப்படியே சம்மதம். "படம் அனுப்புகிறேன். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் வந்துவிடும்" என்றான்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதேயில்லை. அதை அழுத்தினால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அத்தைக்கு அது தெரியாது. தெரிந்தது சந்தை நியாயம் ஒன்றுதான். "பல்லைப் பிடிச்சுப் பாக்காம, பத்து ரூபா குறைச்சும் கேக்காம ஒத்துக்கிறவன் மாடு வாங்க வந்தவன் இல்லை" என்று போனை வைத்துவிட்டாள்.

ஒருவேளை யாராவது எண்ணை அழுத்திவிட்டிருந்தால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று மறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் போகிற பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க இடமுண்டு. அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.