வழக்கமா? வணக்கமா?

ஜப்பானிய அனிமே படங்களைப் பார்க்காத மாணவிகள் இன்று நம்மிடையே குறைவு. அவற்றில் அடிக்கடி ஒரு சிவப்பு வாயில் வரும். இரண்டு தூண்கள், மேலே குறுக்காக இரண்டு விட்டங்கள். கதவு கிடையாது. அதன் பெயர் தோரி. அதைக் கடந்து உள்ளே சென்றால் ஷின்டோ ஆலயத்தின் எல்லை தொடங்குகிறது. 'யுவர் நேம்' (2016) படத்தின் கதாநாயகியும் அத்தகைய ஆலயமொன்றில் பணி செய்யும் குடும்பத்துப் பெண்தான். படத்தை இரசிக்கும் நாம் அந்த வாயிலுக்குப் பின்னாலுள்ள நம்பிக்கையை அறிய முயல்வதில்லை. அறிய வேண்டும் என்பது என் கருத்து. 'இது சமயமா, வெறும் கலாசாரமா?' என்று நாமும் அடிக்கடி கேட்க நேரிடும் கேள்விக்கு அங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ஷின்டோ என்றால் 'கமிகளின் வழி' என்று பொருள். இதற்கு நிறுவுநர் என ஒருவர் இல்லை. வேதநூல் என ஒன்றும் இல்லை. 712ஆம் ஆண்டின் 'கொஜிகி', 720ஆம் ஆண்டின் 'நிஹோன் ஷோகி' ஆகிய இரு நூல்களும் பழங்கதைகளைத் தொகுத்துத் தருகின்றன. கமி என்பதைக் கடவுள் என்று மொழிபெயர்த்தால் பொருள் முழுமையாக வராது. சூரிய தேவியான அமத்தெராசு ஒரு கமி. ஒரு மலை, ஓர் அருவி, முதிர்ந்த ஒரு மரம், இறந்துபோன முன்னோர் ஆகியோரும் கமியாகலாம். 'எண்பது இலட்சம் கமிகள்' என்பார்கள். எண்ணிலடங்காதவை என்பதே அதன் கருத்து. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 ஆலயங்கள் உள்ளன.

ஆலயத்துக்குச் செல்பவர் முதலில் வாயிலருகே உள்ள நீர்த்தொட்டியில் அகப்பையால் நீரள்ளி இடக்கையையும் பின்னர் வலக்கையையும் கழுவி, வாயையும் கொப்பளிக்கிறார். வுழூச் செய்து பழகிய நமக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒப்புமை அவ்வளவுதான். சந்நிதியில் அவர் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிகிறார். ஏக இறைவனை மட்டும் வணங்கும் நமக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. வேறுபாடு இருப்பதால் மதிப்புக் குறைய வேண்டியதும் இல்லை.

பிறந்து ஒரு மாதமளவில் குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டு செல்வார்கள். மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நவம்பர் மாதத்தில் ஒரு விழா உண்டு. புத்தாண்டில் இலட்சக்கணக்கானோர் ஆலயங்களில் கூடுவர். ஆனால் மரணச் சடங்கு பெரும்பாலும் பௌத்த முறையில் நடைபெறும். அந்நாட்டு அரசின் புள்ளிவிபரங்களில் ஷின்டோ, பௌத்தம் இரண்டையும் சார்ந்தோரின் தொகைகளைக் கூட்டினால் மொத்தச் சனத்தொகையைவிட அதிகமாகிவிடும். அதேவேளை, 'உங்கள் சமயம் எது?' என்று கேட்டால் 'எதுவுமில்லை' என்று சொல்பவர்களே அங்கு அதிகம். ஷின்டோ அவர்களுக்கு நம்பிக்கை என்பதைவிட வாழ்க்கை முறையாகவே இருக்கிறது.

இந்த வாழ்க்கை முறையில் நாம் வியந்து பார்க்க வேண்டியவை உண்டு. இஸே நகரிலுள்ள பேராலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அப்படியே புதிதாகக் கட்டுகிறார்கள். 690ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வழக்கம் போர்க்காலங்களில் தடைப்பட்டாலும் அழியவில்லை. 2013இல் 62ஆவது தடவையாகக் கட்டினார்கள். அடுத்தது 2033இல். மூத்த தச்சரிடமிருந்து இளைய தச்சர் தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடசாலை வேண்டுமா? டோக்கியோவில் 1920இல் திறக்கப்பட்ட மெய்ஜி ஆலயத்துக்கு மக்கள் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் மரங்களை அன்பளிப்புச் செய்தனர். இன்று அது மாநகரின் நடுவே ஓர் அடர்ந்த காடு.

இனித்தான் கசப்பான பகுதி. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும் அரசாங்கம் ஷின்டோவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சக்கரவர்த்தி சூரிய தேவியின் வழித்தோன்றல் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சமய சுதந்திரத்தை வழங்கியிருந்தது. அப்படியாயின் எல்லோரையும் ஆலயத்துக்கு அனுப்புவது எப்படி? அரசு ஒரு வழி கண்டது. 'ஆலய வழிபாடு சமயமல்ல, அது குடிமக்களின் கடமை' என்று அறிவித்தது. 1900இல் உள்நாட்டு அமைச்சில் ஆலயங்களுக்கு ஒரு பிரிவும் சமயங்களுக்கு வேறொரு பிரிவும் அமைக்கப்பட்டன.

இந்தச் சொல் விளையாட்டின் பாரம் மாணவர் மீதும் ஆசிரியர் மீதும் விழுந்தது. 1891இல் உச்சிமுரா கன்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர், சக்கரவர்த்தியின் கல்விப் பிரகடனத்துக்கு முன் ஆழமாகத் தலைவணங்காததால் பதவி இழந்தார். 1932இல் டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில கத்தோலிக்க மாணவர்கள் யசுகுனி ஆலயத்தில் தலைவணங்க மறுத்தனர். இராணுவம் சினங்கொண்டது. 'இது சமயச் செயலா?' என்று திருச்சபை கல்வி அமைச்சிடம் கேட்டது. 'இல்லை, இது நாட்டுப்பற்றையும் விசுவாசத்தையும் காட்டும் மரியாதை மட்டுமே' என்ற கருத்தில் பதில் வந்தது. மறுத்தவனின் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

இக்கதை முஸ்லிம்களையும் தொட்டது. இரண்டாம் உலகப் போரில் இந்தோனேசியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், சக்கரவர்த்தியின் மாளிகை இருக்கும் திசை நோக்கிக் குனியுமாறு மக்களைப் பணித்தனர். ருகூஉவை ஒத்த அச்செயலை, கஃபா அல்லாத ஒரு திசை நோக்கிச் செய்ய முஸ்லிம்கள் எவ்வாறு இணங்குவர்? 1943இல் பண்டுங் நகரில் நடந்த உலமாக்கள் கூட்டத்தில் ஏனையோர் குனிந்தபோது, முதியவரான ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் ஆசனத்தில் அமர்ந்தே இருந்தார். அவர் எவரையும் ஏசவில்லை, எதையும் உடைக்கவில்லை. எழவில்லை, அவ்வளவுதான்.

போர் முடிந்தபின் 1945 டிசம்பரில் ஷின்டோவுக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. 1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, எவரையும் சமயச் சடங்கில் பங்குபற்றுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதித்தது. எனினும் பழைய கேள்வி ஓயவில்லை. 1977இல் ஒரு நகரசபை தன் கட்டடத்துக்கு ஷின்டோ முறைப்படி அடிக்கல் சடங்கு நடத்தியதை உயர் நீதிமன்றம் 'வழக்கம்' என்று ஏற்றுக்கொண்டது. 1997இலோ, எஹிமே மாகாண நிருவாகம் யசுகுனி ஆலயத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து காணிக்கை கொடுத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர்களுக்கே எல்லைக்கோடு எளிதாகத் தெரியவில்லை.

'ஒருமுறை தலை குனிந்தால் என்ன குறைந்துவிடும்? எல்லோரும் சேர்ந்து செய்தால்தானே ஒற்றுமை?' என்று சிலர் கேட்கலாம். இது நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். ஆனால் ஒருவருக்கு வழக்கமாக இருப்பது மற்றவருக்கு வணக்கமாக இருக்கக்கூடும். அது எது என்று சொல்லும் உரிமை, செய்யச் சொல்பவருக்கல்ல, செய்ய வேண்டியவருக்கே உரியது. அச்சத்தால் குனிந்த தலைகளை எண்ணி ஒற்றுமையை அளக்க முடியாது.

நம் நாட்டிலும் விழா மேடையொன்றில் மங்கல விளக்கேற்ற அழைக்கப்படும் முஸ்லிம் மாணவிக்கு இக்கேள்வி வருகிறது. அவள் பணிவோடு விலகி நின்றால் அது அவமதிப்பல்ல. இதே நீதியை நாமும் பிறருக்கு வழங்க வேண்டும். முஸ்லிம் கல்லூரியொன்றில் கற்பிக்கும் வேற்றுச் சமய ஆசிரியையிடம் 'இது எங்கள் பாடசாலை வழக்கம்தானே' என்று நாம் எதையாவது திணித்தால், மெய்ஜி அரசு செய்ததையே நாமும் சிறிய அளவில் செய்தவர்களாவோம். மார்க்கத்தில் பலவந்தம் கூடாது என்பது நமக்குச் சாதகமாக மட்டும் பயன்படும் போதனையல்லவே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிற சமயங்களைப் பற்றிப் படித்தால் பிள்ளையின் ஈமான் தளர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். எதை ஏன் மறுக்கிறோம் என்று அறிந்தவளுக்கு மறுக்கும்போது குரலை உயர்த்த வேண்டிய தேவை வராது. சக மாணவிகளே, அடுத்த முறை திரையில் அந்தச் சிவப்பு வாயில் தோன்றும்போது, அதன் வழியே விரும்பிச் சென்றவர்களையும், போக மறுத்து வெளியே நின்றவர்களையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.