கையிலே ஓர் உயிர்நாடி

உப்புவெளிக் கடற்கரையிலே அன்பரொருவர் நம்மிடம் இடக்கையை நீட்டி, “தொட்டுப் பாருங்கள், ஐயா” என்றார். மணிக்கட்டருகே இடையறாத அதிர்வு!

சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தை இயந்திரத்தாற் சுத்திகரிக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் பாயவேண்டும். மெல்லிய நாளம் அதற்கு ஈடுகொடாது. நாடியோடு இணைத்துவிட்டால், நாளம் பருத்து ஊசியைத் தாங்கும். இம்முறையை 1966இல் நியூயோர்க் மருத்துவர்களான பிரெசியா, சிமினோ முதலியோர் வெளியிட்டனர். இணைப்புப் பக்குவமடையச் சில வாரங்கள் செல்லும். நாளம் பொருந்தாதோர்க்குத் தோலின் கீழே செயற்கைக் குழாய் பொருத்துவர்.

நம் அன்பரோ கத்திக்கு அஞ்சி நாட்கடத்தினார். அவசரத்திற் கழுத்திலே குழாய் செருகி, கிருமி தொற்றி வருந்திய பின்னரே சத்திரசிகிச்சைக்கு இசைந்தார். இன்று அக்கையில் வேறு ஊசியேற்றவும், இரத்த அழுத்தம் பார்க்கவும் எவருக்கும் இடங்கொடார்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதலன்றோ அறிவுடைமை?