சொன்னால் நம்பும் வீடு

முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் ஆசிரியர், வேன் ஓட்டுநர் என யாராகவும் இருக்கலாம். 2018-இல் தமிழகத்தை உலுக்கிய சென்னை அயனாவரம் வழக்கில் ஒரு சிறுமி பல மாதங்கள் வதைக்கப்பட்டார். தண்டிக்கப்பட்டவர்களில் காவலாளி, லிப்ட் இயக்குபவர், பிளம்பர் என அந்தச் சிறுமி வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்றாடம் புழங்கியவர்கள் இருந்தார்கள்.

இத்தகையவர்கள் எடுத்த எடுப்பிலேயே மிரட்டுவதில்லை. முதலில் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுகிறார்கள். குழந்தைக்குப் பரிசு கொடுத்து, செல்போனில் விளையாடவிட்டு, 'இது நம் இருவருக்குள் இருக்கட்டும்' என்று பழக்குகிறார்கள். இதற்கு வழிசெய்து கொடுப்பது நமது வளர்ப்புதான் என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 'பெரியவங்க சொன்னா கேட்கணும்', 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு' என்று கட்டாயப்படுத்தும்போது, தன் உடம்பு தன் விருப்பத்துக்கு உரியதல்ல என்றே குழந்தை கற்றுக்கொள்கிறது. முத்தம் கொடுக்க மறுக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள். உறவினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

'ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?' என்ற நினைப்பும் ஆபத்தானது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் மத்திய அரசு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒருவகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகக் கூறினார்கள். அதில் சிறுவர்கள் சிறுமிகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

குழந்தைகள் பல நேரம் வாயால் சொல்வதில்லை. படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவரும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போக மறுப்பார்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால்தான் அதட்டாமல், அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சொல்லிவிட்டால், 'நீ ஏன் அங்கே போனே?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்பத் துருவவும் வேண்டாம். 'சொன்னது நல்லது, உன் மேல எந்தத் தப்பும் இல்ல' என்பதே அந்த நேரத்தில் குழந்தை கேட்க வேண்டிய சொல்.

பிறகு வரும் 'ஊர் என்ன பேசும்' என்ற பயம்தான் பல வழக்குகளைக் குடும்பத்துக்குள்ளேயே புதைக்கிறது. குற்றவாளி அடுத்த குழந்தையைத் தேடிப் போகிறான். தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டத்தின் 19, 21-ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்குரியது. குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர்தான் பதிவுசெய்ய வேண்டும், பெற்றோர் உடனிருக்கலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையைக் காட்டச் சொல்லி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. மறுத்தால், சட்டத்தைச் சொல்லியே கேளுங்கள்.